விவிலிய வாசிப்பில் தியானமும் தன்வாழ்வுப் பொருத்தமும்: மூன்று பகுதிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

விவிலியப் பகுதியொன்றை நிதானமாக வாசித்து, சிந்தித்து, தன் வாழ்வோடு பொருத்திப் பார்க்கும் முறை கிறித்தவ மரபில் தொன்மையானது. இன்று அம்முறையின் இறுதிப் படியாகிய பொருத்தம் மட்டும் தனித்தெடுக்கப்பட்டு, முதற்படியாகிய வாசிப்பு சுருங்கிவிடும் நிலையைக் காணமுடிகிறது. இக்கட்டுரை அம்மரபின் படிநிலைகளை விளக்கி, எரேமியா 29, 2 சாமுவேல் 12, லூக்கா 10 ஆகிய பகுதிகளின் துணையுடன், வாசகர் தம்மைச் சற்றே ஒதுக்கிவைத்துப் பனுவலைக் கேட்கும்போதுதான் தன்வாழ்வுப் பொருத்தம் உண்மையானதாக அமைகிறது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: விவிலியம், தியானம், அசைபோடுதல், வாசிப்புப் படிகள், தன்வாழ்வுப் பொருத்தம், வாக்குத்தத்தம்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில் புத்தாண்டு பிறக்கும்போது திருச்சபை வழங்கும் வாக்குத்தத்த வசன அட்டை வீட்டுச் சுவரில் இடம்பெறுகிறது. அவ்வசனம் அவ்வாண்டு முழுவதற்கும் அக்குடும்பத்திற்கு உரியதாகக் கருதப்படுகிறது. விவிலியத்தைத் தொலைவிலுள்ள பழம்பனுவலாக அன்றித் தம்மை நோக்கிய சொல்லாகக் கொள்ளும் மனப்பாங்கின் வெளிப்பாடு இது. எனினும், வசனம் அதன் இடத்திலிருந்து பிரிக்கப்பட்டு நலம், வேலை, திருமணம் ஆகியவற்றுக்கான உறுதிமொழியாக மாறும்போது ஒரு சிக்கல் எழுகிறது. எதிர்பார்த்தது நிகழாதபோது, நம்பியவர் தம் நம்பிக்கையிலேயே குறை இருப்பதாக எண்ணி வருந்துகிறார். அவரது துயரோடு குற்றவுணர்வும் சேர்ந்துவிடுகிறது. ஆகவே பொருத்திப் பார்க்கும் முறை எவ்வாறு அமையவேண்டும் என்னும் வினா, வாழ்வைத் தொடும் வினாவாகவும் அமைகிறது.

தியானம் என்னும் சொல்

முதலாம் திருப்பாடலில் இறைச்சட்டத்தை இரவும் பகலும் மனங்கொள்பவரைக் குறிக்க எபிரேய மூலம் ‘ஹாகா’ என்னும் வினையைப் பயன்படுத்துகிறது. அதே வினை எசாயா 31:4இல் இரைமேல் நின்று உறுமும் சிங்கத்திற்கும், 38:14இல் புறாவின் முனகலுக்கும் வருகிறது. எனவே அச்சொல் வாய்க்குள் முணுமுணுத்தல், தாழ்குரலில் ஓதுதல் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனைத் ‘தியானம்’ என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு ‘சிந்தித்தல்’ என்றும் தருகின்றன. இவ்விரு சொற்களும் மனத்தின் அமைதியான செயலையே முதன்மையாகச் சுட்டுகின்றன. மூலத்திலுள்ள ஒலிப்பண்பு அவற்றில் மறைந்துவிடுகிறது. பண்டைய வாசகருக்குத் தியானம் என்பது சொற்களை நாவால் மீண்டும் மீண்டும் சொல்வதிலிருந்தே தொடங்கியது. தமிழின் ‘ஓதுதல்’ என்னும் சொல் இப்பொருளுக்கு நெருக்கமானது.

இடைக்காலத் துறவியர் இச்செயலைப் பசு அசைபோடுவதற்கு ஒப்பிட்டனர். இவ்வுவமை தமிழ் வாசகருக்குப் புதிதன்று. நன்னூல் மாணாக்கரை வகைப்படுத்துகையில் பசுவை அன்னத்தோடு சேர்த்து முதல் நிலையில் வைக்கிறது. புல் மிகுந்த இடத்தில் வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவைப்போல நன்மாணாக்கர் கற்பார் என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். இரு மரபுகளும் ஒரே வரிசையை வற்புறுத்துகின்றன: முதலில் மேய்தல், பின்னரே அசைபோடுதல். மேயாத பசு அசைபோடுவதற்கு ஏதுமில்லை.

படிநிலைகளின் வரலாறு

ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெனடிக்டின் ஒழுங்குநூல், உடலுழைப்போடு திருநூல் வாசிப்புக்கும் நாள்தோறும் நேரம் வகுத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கீகோ இவ்வாசிப்பை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார்: வாசிப்பு, தியானம், வேண்டல், காட்சிநிலை. உணவை வாயிலிடுவது, மெல்லுவது, சுவையைப் பெறுவது, அச்சுவையிலேயே திளைப்பது என அவர் இவற்றை உருவகப்படுத்தினார். ஒரு படியைத் தவிர்த்து அடுத்ததற்குத் தாவமுடியாது என்பதே ஏணி உருவகத்தின் உட்கிடை.

சீர்திருத்த மரபிலும் இதற்கு இணையான சிந்தனை உண்டு. மார்ட்டின் லூத்தர் 1539இல் எழுதிய முன்னுரையொன்றில் வேண்டல், தியானம், சோதனை என்னும் மூன்றைக் குறிப்பிட்டார். தியானம் உள்ளத்தில் மட்டும் நிகழாமல் சொற்களை வாய்விட்டுச் சொல்லியும் நிகழவேண்டும் என்பது அவர் கருத்து. ‘சோதனை’ என்பது வாசித்த சொல் வாழ்வின் நெருக்கடியில் உரசிப் பார்க்கப்படுவதாகும். ஜெர்மானியப் பக்தி இயக்கத்தைச் சார்ந்த பிராங்கே, 1693இல் வெளியிட்ட வாசிப்பு வழிகாட்டி நூலில் இலக்கண வாசிப்பு, வரலாற்று வாசிப்பு ஆகியவற்றை விளக்கிய பின்னரே நடைமுறை வாசிப்பை நிறைவாக வைத்தார். பிராங்கே பணியாற்றிய ஹாலே நகரில் பயின்ற சீகன்பால்குவே 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சேறி நிறைவுற்றது. தனிமனிதர் தம் மொழியில் திருநூலை வாசித்துத் தம் வாழ்வை அதன்முன் நிறுத்தும் பழக்கத்திற்குத் தமிழில் வழிவகுத்தவற்றுள் இவ்வச்சுநூல் குறிப்பிடத்தக்கது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, திருநூல் வாசிப்பை வேண்டலோடு இணைக்குமாறு அனைவரையும் தூண்டியது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல், இவ்வாசிப்பு செயலில் முடியாதவரை நிறைவுறுவதில்லை எனச் சுட்டினார். இவ்வாறு கீகோவின் நான்கு படிகளோடு ‘செயல்’ என்னும் ஐந்தாவதும் வெளிப்படையாக இணைந்தது.

எரேமியா 29: உறுதிமொழியும் அதன் காலமும்

வாக்குத்தத்த வசனமாக விரும்பி எடுக்கப்படும் பகுதிகளுள் எரேமியா 29:11 ஒன்று. மக்களுக்காக இறைவன் எண்ணுபவை தீமைக்கானவை அல்ல, எதிர்கால நம்பிக்கைக்கானவை என்பது அதன் கருத்து. இவ்வதிகாரம் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய மடல். வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், திருமணம் செய்யுங்கள், நீங்கள் வாழும் நகரின் நலம் நாடுங்கள் என்று அது அறிவுறுத்துகிறது. பதினோராம் வசனத்திற்குச் சற்று முன்னர், மீட்புக்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்னும் செய்தி இடம்பெறுகிறது. அதாவது, மடலைக் கேட்ட முதியவர்கள் தாயகம் திரும்பப்போவதில்லை.

முந்தைய அதிகாரத்தில், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சீராகும் என்று அறிவித்த அனனியாவைப் பொய் இறைவாக்கினன் என எரேமியா கண்டிக்கிறார். இவ்வரிசையில் வாசித்தால் ஓர் உண்மை புலனாகிறது: பதினோராம் வசனத்தை விரைவில் கிட்டப்போகும் நலனுக்கான உறுதியாகக் கொள்பவர், அறியாமலே அனனியாவின் பக்கம் நிற்கிறார்.

முன்னிலைச் சொல்லும் இங்குக் கவனத்திற்குரியது. எபிரேய மூலத்தில் அது பன்மை. ஆங்கிலத்தின் இக்கால முன்னிலைச் சொல் ஒருமை, பன்மை இரண்டுக்கும் பொது என்பதால் இவ்வேறுபாடு அங்கே மறைகிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் ‘உங்கள்’ என்னும் வடிவம் உள்ளது. தமிழில் இவ்வடிவம் மரியாதை ஒருமையாகவும் வரும். ஆயினும் விவிலியத் தமிழில் இறைவன் தனியொருவரை ‘நீ’ என்றே அழைப்பதால், இங்கே அது பன்மையே என்பது தெளிவு. அந்த உறுதி சிதறிக்கிடந்த ஒரு மக்கள் கூட்டத்திற்கு உரியது. இதை உணர்ந்த வாசகருக்குப் பொருத்தம் இல்லாமற்போவதில்லை. அது வேறு வடிவம் பெறுகிறது. நிலைமை மாறாத நீண்ட காலத்திலும் வாழ்வைக் கட்டியெழுப்புவது, அயலார் நகரின் நலத்திலும் அக்கறை கொள்வது ஆகியவை அப்போது செயலாகின்றன. நோயுற்றவருக்கோ வேலையிழந்தவருக்கோ நிறைவேறாத தேதியைக் குறித்துக் கொடுக்காமல், காத்திருப்பிலும் மாண்போடு வாழ இப்பகுதி துணைநிற்கிறது.

2 சாமுவேல் 12: வாசகரைத் தேடிவரும் கதை

தன்வாழ்வுப் பொருத்தத்திற்கு விவிலியத்திற்குள்ளேயே அமைந்த சான்று, நாத்தான் தாவீதுக்குச் சொன்ன கதை. பெருமந்தை உடைய செல்வன், ஏழையொருவன் மகளைப்போல வளர்த்த ஒரே பெண்ணாட்டுக்குட்டியைப் பறித்துத் தன் விருந்தினருக்குச் சமைக்கிறான். கேட்ட தாவீது சினந்து, அவன் சாவுக்குரியவன் என்றும், நான்கு மடங்கு ஈடுசெய்ய வேண்டும் என்றும் தீர்ப்பளிக்கிறார். அதன்பின்னரே அம்மனிதன் தாவீதுதான் என்று நாத்தான் வெளிப்படுத்துகிறார். உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியைத் தனதாக்கிய மன்னரை அவர் ஒருமையில், ‘நீ’ என விளித்தே சுட்டுகிறார்.

கதையைக் கேட்கும்போது தாவீது தம்மை அதில் தேடவில்லை; கதையின் நியாயத்தை மட்டுமே நோக்கினார். அதனால் அவரது தீர்ப்பு நேர்மையாக அமைந்தது. முதலிலேயே குற்றம் சுமத்தப்பட்டிருப்பின் அவர் தற்காப்பில் இறங்கியிருக்கக்கூடும். பனுவலைப் பனுவலாகக் கேட்ட அந்தச் சில நொடிகளே பின்னர் அவரை உடைத்தன. தன்னை மறந்து வாசித்தவரே தன்னைக் கண்டறிந்தார் என்பது இப்பகுதி தரும் முறையியல் பாடம்.

லூக்கா 10: மாறிய வினா

நல்ல சமாரியர் உவமையை வாசிப்பவர் பெரும்பாலும் தம்மைச் சமாரியரின் இடத்தில் வைத்து, பிறருக்கு உதவவேண்டும் என்னும் முடிவுக்கு வருவர். அம்முடிவு தவறன்று, இயேசுவும் அவ்வாறே செய்யுமாறு திருச்சட்ட அறிஞரிடம் கூறுகிறார். ஆனால் அறிஞரின் வினா, தமக்கு அடுத்திருப்பவர் யார் என்பது. கதையின் முடிவில் இயேசு வினாவைத் திருப்பி, அடிபட்டவருக்கு அடுத்திருப்பவராக நடந்தவர் யார் எனக் கேட்கிறார். யூதராகிய அறிஞர், கதையை அடிபட்டவரின் நிலையிலிருந்து நோக்க வேண்டியவராகிறார். தாம் இழிவாகக் கருதும் சமாரியரின் கையால் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கப்படுவதை ஏற்கும் நிலை அது. விடையளிக்கும் அறிஞர் ‘சமாரியர்’ என்னும் சொல்லைக்கூட உச்சரிக்கவில்லை. இரக்கம் காட்டியவர் என்று மட்டும் கூறுகிறார்.

சாதியால் தெருக்கள் பிரிந்துகிடக்கும் ஊரில் இவ்வுவமையை வாசிப்பவருக்கு, யாருக்கு உதவுவது என்பதைவிட, யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மனம் மறுக்கிறது என்னும் வினாவே கடினமானது. விரைந்த பொருத்தம் வாசகரைக் கொடையாளராக உயர்த்துகிறது. நிதானமான வாசிப்பு அவரைப் பெறுநராக அமரவைக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. விவிலியம் சுட்டும் தியானம், சொற்களை வாயால் ஓதி அசைபோடும் செயலிலிருந்து தொடங்குவது. அது வாசிப்புக்கு மாற்றன்று; வாசிப்பின் தொடர்ச்சி.

2. கீகோ, லூத்தர், பிராங்கே ஆகியோர் வெவ்வேறு மரபினராயினும், சொல்லை ஊன்றி ஓதும் உழைப்பைத் தவிர்த்த பொருத்தத்தை எவரும் பரிந்துரைக்கவில்லை.

3. ஒரு பகுதியைத் தன்வாழ்வோடு பொருத்துமுன், அது யாரிடம், எந்நிலையில், ஒருமையிலா பன்மையிலா சொல்லப்பட்டது என்னும் வினாக்களை எழுப்புதல் இன்றியமையாதது. தமிழின் ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடு இதற்கு உதவும் கருவியாகும்.

4. பொருத்தத்தின் நேர்மையை அறிய ஓர் உரைகல் உண்டு. வாசகர் ஏற்கெனவே விரும்பியதை மட்டுமே பனுவல் திரும்பச் சொல்லுமாயின், அங்கே வாசிப்பு இன்னும் தொடங்கவில்லை எனலாம்.

வாக்குத்தத்த அட்டையைச் சுவரிலிருந்து அகற்றவேண்டியதில்லை. அவ்வசனம் இடம்பெறும் அதிகாரம் முழுவதையும் குடும்பத்தார் ஒருமுறை வாய்விட்டு வாசித்தால், அட்டையில் இடம்பெறாத சொற்களும் அவ்வீட்டில் ஒலிக்கும்.