தோலின் மேல் ஒரு துளி எசன்ஸ்

ஐப்பசி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் காரைக்காலில் சமையலறை உப்பு ஜாடி அழத் தொடங்கிவிடும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் மறுநாள் காலையில் கல்லுப்பின் அடியில் நீர் கட்டி நிற்கும். கடற்காற்றில் உப்புப் படிந்த ஜன்னல் கம்பிகளும் பிசுபிசுக்கும். காரணம் எளியது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சாதாரண உப்பு காற்றிலுள்ள நீராவியைத் தன்பால் இழுத்து, அந்த நீரிலேயே கரைந்துவிடுகிறது.

இந்த உப்பு ஜாடிக்கும், பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள கொரிய மூலிகை எசன்ஸ் ஒன்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு என்று சொன்னால் நம்புவீர்களா? அந்த உறவை நான் தேட நேர்ந்தது என் தங்கையால்.

சென்ற ஆண்டு பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் பெரியம்மா மகள் அவளுக்கு ஒரு சிறு புட்டியைப் பரிசாகக் கொடுத்துச் சென்றாள். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். புட்டி பாதியாவதற்குள், அடுத்த மாதம் எடுக்கவிருந்த சீட்டுப் பணத்தில் இன்னும் இரண்டு வாங்கி வைத்துவிடலாம் என்று அம்மா கணக்குப் போடத் தொடங்கினார். அந்தப் பணமோ தங்கையின் பி.எட். கட்டணத்துக்காகச் சேர்த்தது. அவள் என்னிடம் வந்து கேட்டாள்: "அண்ணே, காலேஜ்ல இயற்பியல் சொல்லித் தர்றீங்க. இது நிஜமாவே வேலை செய்யுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. நேர்மையான பதிலைக் காண என்னென்ன கேட்க வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

எசன்ஸின் கதை

கிரீமைவிட நீர்த்தும், வெறும் நீரைவிடச் சற்றுக் குழைவாகவும் இருக்கும் தோல் பூச்சையே கொரியர்கள் எசன்ஸ் என்கின்றனர். முகம் கழுவியதும் மற்ற பூச்சுகளுக்கு முன்னர் இதைத் தடவுவார்கள். மூலிகை எசன்ஸ்களில் உலகெங்கும் பெயர் பெற்றது அமோர்பசிபிக் நிறுவனத்தின் சுல்வாசூ. இந்நிறுவனத்தின் கதை, இன்று வட கொரியாவில் உள்ள கேசோங் நகரில் தொடங்குகிறது. அங்கே 1930-களில் யூன் தோக்-ஜோங் என்ற பெண்மணி, தேயிலைச் செடியின் உறவான கமேலியாவின் விதையிலிருந்து கூந்தல் எண்ணெய் எடுத்து விற்றார். அவருடைய மகன் 1945-இல் நிறுவனத்தைத் தொடங்கினார். கேசோங் வட்டாரம் ஜின்செங் வேருக்குப் பெயர் போனது. 1966-இல் அந்த வேரைச் சேர்த்து ஒரு கிரீமை நிறுவனம் வெளியிட்டது. சுல்வாசூ என்ற பெயர் 1997-இல் வந்தது.

இதன் புகழ் பெற்ற 'ஃபர்ஸ்ட் கேர்' எசன்ஸுக்கு அடையாளமாக நெடுங்காலம் கூறப்பட்டு வந்தவை ஐந்து மூலிகைகள்: பியோனி, வெள்ளை லில்லி, ரெமேனியா, பாலிகோனேட்டம், தாமரை. முதல் நான்கும் நம் காதுக்குப் புதியவை. ஐந்தாவதோ நம் ஊர்க் குளங்களில் பூத்துக் கிடப்பது!

புட்டியின் முதுகைப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் வேதியியல். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி, ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களை அளவு குறைந்துகொண்டே செல்லும் வரிசையில் அச்சிட வேண்டும். ஒரு விழுக்காடும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அவற்றின் பின் எந்த வரிசையிலும் எழுதலாம்.

இத்தகைய எசன்ஸ்களின் பட்டியலில் முதலில் நிற்பது பெரும்பாலும் நீர். அடுத்து கிளிசரின், பியூட்டிலீன் கிளைக்கால் போன்றவை. மூலிகைச் சாறுகள் பட்டியலின் கீழ்ப்பகுதியில் இருந்தால், அவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கக்கூடும். குறைவு என்பதாலேயே ஒரு பொருள் பயனற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிகச் சிறிய அளவில் வேலை செய்யும் பொருள்கள் உண்டு. ஆனால் புட்டியில் மிகுதியாக இருப்பது எது என்பதையாவது நாம் அறிந்துகொள்கிறோம்.

தோல் என்னும் மதில்

பூசியது உள்ளே போகுமா? நம் தோலின் மேற்புறத்தில் இறந்த செல்கள் அடுக்கடுக்காக அமைந்த ஒரு படலம் உள்ளது. இதைக் கொம்புப் படலம் எனலாம். பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் சுமார் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு. செல்களைச் செங்கற்களாகவும், இடையிலுள்ள கொழுப்பைச் சாந்தாகவும் கொண்டால் இது ஒரு மதில். உடலின் நீர் வெளியேறாமலும், வெளிப் பொருள்கள் எளிதில் நுழையாமலும் காப்பது இதுவே.

இந்த மதிலைக் கடந்து ஒரு பொருள் உட்செல்வது விரவல் என்னும் நிகழ்ச்சியால். செறிவு வேறுபாடு மிகுந்தால் விரவல் மிகும். மதில் தடித்தால் குறையும். மூலக்கூறு பெரிதானால் வெகுவாகக் குறையும். மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டும் பொருள்கள் நலமான தோலை ஊடுருவுவது அரிது என்பது தோலியலில் பரவலாகக் கூறப்படும் விதி.

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். கிளிசரினின் எடை 92. எளிதில் படலத்துக்குள் நுழையும். ஜின்செங் வேரின் முக்கியப் பொருள்களுள் ஒன்றான ஜின்செனோசைடு ஆர்பி1-இன் எடை 1109. உள்ளே போவது கடினம். பியோனி வேரிலுள்ள பியோனிஃப்ளோரின் 480. எல்லைக்குச் சற்று உள்ளே. ஆனால் அது நீரை நாடும் பொருள். நடுவிலுள்ள கொழுப்புச் சாந்து அதை எளிதில் விடாது. ஆகவே, 'இந்த மூலிகை கண்ணாடிக் குடுவையிலுள்ள செல்களுக்கு நன்மை செய்தது' என்பதும், 'முகத்தில் பூசினால் நன்மை செய்யும்' என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில் நிற்கிறது.

சியோலின் குளிரும் காரைக்காலின் புழுக்கமும்

இனி உப்பு ஜாடிக்கு வருவோம். உப்பைப் போலவே கிளிசரினும் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் பொருள். கொம்புப் படலத்தில் தங்கி, அங்குள்ள நீரைப் பிடித்து வைக்கிறது. நீர் ஏறிய படலம் மிருதுவாகிறது. நுண்ணிய சுருக்கங்கள் நிரவப்படுகின்றன. ஒளி சீராகத் திரும்புவதால் முகம் பளபளக்கிறது. எசன்ஸ் தடவியதும் தோன்றும் பொலிவு பொய்யன்று. அதில் பெரும்பங்கு இந்த எளிய இயற்பியலைச் சேர்ந்தது.

ஆனால் எந்தக் காற்றில்? சியோல் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே. 0 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 4.8 கிராம் நீராவியையே தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் 20 டிகிரிக்குச் சூடேறும்போது அதனால் 17.3 கிராம் தாங்க முடியும், இருப்பதோ 4.8 கிராம்தான். ஒப்பு ஈரப்பதம் 28 விழுக்காடாகச் சரிந்துவிடும். அந்தக் காற்று தோலிலிருந்து நீரை உறிஞ்சும். அங்கே ஈரம் காக்கும் பூச்சு ஆடம்பரம் அன்று, தேவை.

காரைக்காலில் 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு மாலையை எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் நீராவி, அதாவது சியோல் அறையில் உள்ளதைப் போல் ஐந்து மடங்கு! உப்பையே கரைக்கும் காற்று இது. இங்கே தோலில் ஈரம் சேர்ப்பதைவிட வியர்வையைத் துடைப்பதே பெரிய வேலை. நாள் முழுதும் குளிர்சாதன அறையில் வேலை பார்ப்பவருக்கு நிலைமை வேறு. குளிர்ந்த குழாய்களில் நீராவி படிந்து வெளியேறிவிடுவதால் அந்தக் காற்று வறண்டிருக்கும். ஆக, எசன்ஸின் பயன் புட்டிக்குள் மட்டும் இல்லை. பூசிக்கொள்பவரைச் சூழ்ந்த காற்றிலும் இருக்கிறது.

எதோடு ஒப்பிட்டீர்கள்?

'ஈரப்பதம் இத்தனை மடங்கு உயர்ந்தது' என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதை அளக்கும் கருவி பெரும்பாலும் ஒரு மின்தேக்கியே. நீரின் ஒப்புமை விடுதிறன் சுமார் 80. உலர்ந்த புரதம், கொழுப்பு ஆகியவற்றுக்கு அது மிகவும் குறைவு. ஆகவே தோலில் நீர் மிகுந்தால் மின்தேக்குத் திறன் கூடும். நல்ல முறைதான். ஆனால் பூசிய ஐந்தாம் நிமிடத்தில் அளந்தால், கருவி காண்பது தோலின் நீரையா, மேலே கிடக்கும் எசன்ஸின் நீரையா? பச்சைத் தண்ணீரைத் தடவினாலும் முள் ஏறும் அல்லவா!

ஆகவே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை மணி நேரம் கழித்து அளந்தீர்கள்? எதோடு ஒப்பிட்டீர்கள்? ஒன்றும் பூசாத தோலோடு ஒப்பிட்டால் கிளிசரின் நீரே வெற்றி பெற்றுவிடும். மூலிகைக்குத்தான் விலை என்றால், மூலிகை மட்டும் நீக்கிய அதே கரைசலோடு ஒப்பிட வேண்டும். பூசுபவருக்கும் பார்ப்பவருக்கும் எது எது என்று தெரியக் கூடாது.

எங்கள் வீட்டுச் சோதனை

தங்கையும் நானும் இதையே எளிய முறையில் செய்து பார்த்தோம். எங்கள் புட்டியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு வீட்டில் ஒரு முகத்தில் செய்ததை வைத்து எந்த நிறுவனத்தையும் எடைபோடுவது முறையன்று.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவிச் சில நாள் பார்த்தோம். அரிப்போ சிவப்போ இல்லை. பிறகு ஒரே மாதிரியான இரண்டு சிறு புட்டிகள். ஒன்றில் எசன்ஸ். மற்றதில், மருந்துக் கடையில் வாங்கிய கிளிசரின் ஒரு கரண்டிக்கு, கொதித்து ஆறிய நீர் இருபது கரண்டி. கெட்டுப்போகாமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒரு முறை புதிதாகக் கலந்தோம். என் மனைவி 'அ', 'ஆ' என்று எழுதி ஒட்டி, விடையைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டாள். எந்தக் கன்னத்துக்கு எது என்பதை வாரத்துக்கு ஒரு முறை நாணயம் சுண்டித் தீர்மானித்தாள்.

முதல் நாளே சோதனையில் ஓட்டை விழுந்தது. "இதுல மூலிகை வாசனை அடிக்குது அண்ணே, எதுன்னு தெரிஞ்சு போச்சு" என்று தங்கை சிரித்தாள். எனவே தீர்ப்பு சொல்லும் வேலை அம்மாவுக்குப் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் தங்கை முகம் கழுவி வந்து ஜன்னலோரம் நிற்பாள். ஒரு கை தூரத்தில் நின்று எந்தக் கன்னம் நன்றாக இருக்கிறது என்று அம்மா சொல்வார். நான்கு வாரம் கழித்துத் தாளைப் பிரித்தோம். இரண்டு முறை எசன்ஸ் பூசிய கன்னம். இரண்டு முறை கிளிசரின் கன்னம்.

இதன் பொருள் என்ன? நாணயம் சுண்டியிருந்தாலும் இப்படி வந்திருக்கலாம். நான்கும் எசன்ஸ் பக்கமே விழுந்திருந்தால்கூட, தற்செயலாக அப்படி நிகழும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. ஆகவே எசன்ஸ் பயனற்றது என்று எங்கள் சோதனை மெய்ப்பிக்கவில்லை. நான்கு வாரத்தில், எங்கள் ஊர்க் காற்றில், அம்மாவின் கண்ணுக்குப் புலப்படும் அளவு வேறுபாடு இல்லை, அவ்வளவே சொல்லலாம். ஆனால் சீட்டுப் பணத்தைப் பற்றி முடிவெடுக்க அது போதுமானதாக இருந்தது.

நிறம் என்னும் ஆசை

அம்மாவின் மனத்திலிருந்தது ஈரம் அன்று, நிறம். நம் நாட்டில் 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று அறிமுகமான கிரீம் 2020-இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. பெயர் மாறியது, ஆசை மாறவில்லை. தோலின் நிறத்தைத் தருவது மெலனின் என்னும் நிறமி. சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் குடை அது. ஈரம் ஏற்றும் எசன்ஸ் பொலிவைக் கூட்டலாம். பிறவி நிறத்தை மாற்றாது.

விரைவில் வெளுக்க வைக்கும் பெயரற்ற கிரீம்களிடம்தான் உண்மையான அபாயம் இருக்கிறது. அவற்றில் சில, பாதரசச் சேர்மங்களால் மெலனின் உருவாவதைத் தடுக்கின்றன. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுடன் வந்த சிலரிடம், இத்தகைய வெளுப்புக் கிரீம்களே காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். தயாரிப்பாளர் பெயரும், பொருள் பட்டியலும், இறக்குமதிப் பதிவு எண்ணும் இல்லாத டப்பாவை யார் கொடுத்தாலும் திறக்காதீர்கள்.

விலையுயர்ந்த எசன்ஸ் வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. அதன் மணமும் வழவழப்பும் மனத்துக்கு இதம் தந்தால், அந்த இதத்துக்கு விலை கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் இதத்துக்குக் கொடுக்கிறோமா, மருந்துக்குக் கொடுக்கிறோமா என்று தெரிந்து கொடுக்க வேண்டும். வேளைக்கு அரை மில்லிலிட்டர் வீதம் காலையும் மாலையும் பூசினால் 60 மில்லிலிட்டர் புட்டி 60 நாளில் தீர்ந்துவிடும். அரை மில்லிலிட்டரை 500 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரப்பினால் கிடைக்கும் படலத்தின் தடிமன் 10 மைக்ரோமீட்டர். அதிலும் பெரும்பகுதி நீர். சில நிமிடங்களில் ஆவியாகிவிடும்.

மீதி எசன்ஸைத் தங்கை விசேஷ நாள்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். சீட்டுப் பணம் கல்லூரிக்குப் போயிற்று. அண்மையில் ஒரு நாள், தொலைக்காட்சியில் ஒரு முகப்பூச்சு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா தாமாகவே கேட்டார்: "எதோட ஒப்பிட்டுப் பார்த்தாங்களாம்?"

அந்தக் கேள்விக்குச் செலவு ஏதுமில்லை. எந்தப் புட்டியை வாங்குமுன்னும் நீங்களும் அதைக் கேட்டுப் பாருங்கள்.