பார்சலில் வந்த சட்டையை யார் தைத்தது?

ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவுகள் வரும்போது, குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆட்களோடு பொதிகளும் குவியும். வீட்டில் ஆளுக்கொரு உடுப்பு கட்டாயம் இருக்கும். லண்டனில் வாங்கிய ரீசேட்டின் கழுத்தடி லேபலைத் திருப்பிப் பார்த்தால், சிலவேளை 'இலங்கையில் தயாரிக்கப்பட்டது' என்றிருக்கும். கட்டுநாயக்கவிலோ கிளிநொச்சியிலோ தைத்த உடுப்பு, கடல் கடந்துபோய்த் தீவுக்கே திரும்பி வந்திருக்கிறது.

லேபல் சொல்வது நாட்டின் பெயரை மட்டுமே. தைத்த பெண்ணுக்கு என்ன சம்பளம், இலக்கை முடிக்க எத்தனை மணிவரை இருந்தாள், சுகமில்லாத நாளில் லீவு கிடைத்ததா என்பதையெல்லாம் அது சொல்லாது.

சுரண்டல் உழைப்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பங்களாதேஷின் ரானா பிளாசா. 2013 ஏப்ரல் 24 அன்று அந்தக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்பு தெரிந்திருந்தும் தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னார்கள். இலங்கைத் தொழிற்சாலைகளில் நிலைமை அப்படியல்ல. இங்கே பிரச்சினை வாழப் போதாத சம்பளம், கூடிக்கொண்டே போகும் இலக்கு, ஒரு நாள் லீவு எடுத்தாலும் குறையும் வரவுக் கொடுப்பனவு, சங்கம் சேரப் பயம் என்பவைதான். 2011 மே 30 அன்று, ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்கவில் திரண்ட தொழிலாளர்கள் மீது பொலிஸார் சுட்டனர். ரொஷேன் சானக என்ற இளைஞர் உயிரிழந்தார். அரசு சட்டமூலத்தைக் கைவிட்டது.

அப்படியென்றால் இந்த உடுப்புகளை வாங்காமல் விடலாமா? எங்கள் மண்ணில் அதற்கு இலகுவான பதில் இல்லை. போருக்குப் பிறகு வன்னியில் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. கணவனை இழந்த, அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் பல பெண்களுக்கு மாதம் தவறாமல் கையில் வரும் காசு அதுதான். 2020இல் கொரோனாவோடு மேற்குலக நிறுவனங்கள் ஓடர்களை நிறுத்தியபோது, முதலில் அடிபட்டது தையல் இயந்திரத்தின் முன் இருந்தவர்களே. எல்லாவற்றையும் புறக்கணித்தால் அதே அடி திரும்பவும் அவர்கள் மேல்தான் விழும்.

வேறு வழி உண்டு என்பதைப் பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்த ஒன்று காட்டுகிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த 20 வயதுத் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் ஒன்று வழக்கோடு நிற்கவில்லை. அங்கிருந்து உடுப்பு வாங்கிய நிறுவனங்களின் கதவையும் தட்டியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கைச்சாத்தானது. பாலியல் தொல்லையைத் தடுக்கத் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களானார்கள். தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினால், எச் அன்ட் எம் போன்ற நிறுவனங்கள் வர்த்தக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டிருந்தன. நிலைமை மாறியது.

ஆகவே புலம்பெயர்ந்த உறவுகள் செய்யக்கூடியது கேள்வி கேட்பது. பல பெரிய நிறுவனங்கள் தங்களுக்குத் தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலை இணையத்தில் வெளியிடுகின்றன. அதில் இலங்கைத் தொழிற்சாலைகள் எவை என்று பாருங்கள். அங்கே தொழிற்சங்கம் இருக்கிறதா, சம்பளம் வாழ்க்கைச் செலவுக்குப் போதுமா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பட்டியலே வெளியிடாத நிறுவனத்திடம் ஏன் வெளியிடவில்லை என்று கேளுங்கள்.

இங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளும் சிலதைத் தெரிந்திருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்தால், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தரும் 3 வீதம் வேறு. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம். தொழிலாளர்களில் 40 வீதத்தினர் அதில் இருந்தால் நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு மறுக்க முடியாது.

அடுத்த முறை பார்சல் கட்டுவதற்கு முதல், ஊரில் கார்மென்ட்ஸுக்குப் போகும் பிள்ளை ஒருத்தியிடம் பேசிப் பாருங்கள். நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அவளே சொல்லுவாள்.