மரத்துக்குக் கணக்கு உண்டு, மண்ணுக்கு?

திருப்பத்தூரிலிருந்து மலையேறினால் புதூர்நாடு. சந்தனத்துக்கும் சாமைக்கும் பேர்போன ஜவ்வாது மலையின் ஒரு பகுதி. தமிழ்நாட்டின் காடு, மரப்பரப்பை 33 சதவீதமாக்க 2022இல் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கியதிலிருந்து மலையிலும் சமவெளியிலும் நாற்றுகளின் எண்ணிக்கைதான் பேச்சு. மரம் எவ்வளவு கரிமத்தைத் தண்டில் சேர்க்கும் என்றும் கணக்குப் போடுகிறார்கள். அடியில் மண்ணின் கரிம இருப்பு ஏறியதா, இறங்கியதா என்று கேட்பவர் குறைவு.

கேட்க வேண்டிய கேள்விதான். உலகெங்கும் மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரிமம் இருக்கிறது. காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ளதைக் கூட்டினாலும் இதற்கு ஈடாகாது.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய குவோ, கிஃபோர்ட் இருவரும் 74 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பயிர் நிலத்தில் மரத்தோப்பு வைத்தால் மண் கரிமம் சராசரியாக 18 சதவீதம் கூடுகிறது. அதே நிலத்தைத் தானாகக் காடாக விட்டால் 53 சதவீதம். இயற்கைக் காட்டை அகற்றித் தோப்பாக்கினால் 13 சதவீதம் குறைகிறது. புல்வெளியைத் தோப்பாக்கினால் 10 சதவீதம். இந்த இழப்பு பெரும்பாலும் பைன் தோப்புகளில்தான். அகன்ற இலை மரங்களில் பெரிய மாற்றமில்லை.

ஆக, என்ன மரம் என்பதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். வருஷா வருஷம் ஏரோட்டி, மழைக்கு மேல்மண் கரைந்துபோன சாமைக் கொல்லையில் மாவோ புளியோ வைத்தால் மண்ணுக்கு வரவு. புதர் மண்டிய சரிவைத் தரிசு என்று எழுதி, இயந்திரத்தால் சுரண்டிவிட்டு நாற்று நட்டால், புரட்டிய மண்ணிலிருந்த மக்கை நுண்ணுயிர்கள் தின்று காற்றில் விட்டுவிடும். இப்படிப்பட்ட சரிவுகளைச் சும்மா விடுவதே மேல் என்பது என் கட்சி. ஆனால் சும்மா விட்டதற்குத் திறப்பு விழா நடத்த முடியாதே!

உரம் போட்டால்? மரம் வேகமாக வளரும், சருகும் வேரும் கூடும். கொஞ்சம் மண்ணிலும் சேரும். ஆனால் யூரியா தருவது தழைச்சத்துதான். மண்ணில் மக்காகத் தங்கும் பொருளை அது கொண்டுவருவதில்லை. மிஞ்சிய தழைச்சத்தில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடாகப் பறக்கிறது. எடைக்கு எடை அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும். கோயம்புத்தூரில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரச் சோதனை வயல்களில் தொழுவுரம் இட்ட மண்ணே கரிமத்தில் முந்துகிறது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில், 1843 முதல் எரு இட்டுவரும் பாத்தியில் எதுவும் இடாத பாத்தியைவிட இரு மடங்குக்கும் மேல் சேர்ந்திருக்கிறது. பட்டியில் ஆடுமாடு உள்ள மலைக்குடும்பத்துக்கு இது புதுச் செய்தியல்ல.

மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் அதிகம். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 800 டன் எடை. கால் சதவீதம் கூடினாலே 2 டன் கரிமம். இதை அறிய நாற்று நடுமுன் ஒருமுறையும் பத்தாண்டு கழித்து ஒருமுறையும் அதே இடத்தில், அதே ஆழத்தில் மண் எடுக்க வேண்டும். மர வேர் ஆழமாகப் போவதால் 15 சென்டிமீட்டரோடு நிறுத்தாமல் ஒரு மீட்டர் வரை தோண்டினால்தான் முழுக்கணக்கு கிடைக்கும்.