நீர் வழி - 14: பான்தலா மதகு

ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி, கொல்கத்தாவின் கிழக்கே இருந்த சதுப்பை சால்ட் லேக் நகராக்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வண்டல் எட்டாமல் தப்பிய தெற்குப் பக்கத்துக்கு இந்த வாரம் போவோம்.

1980களின் தொடக்கத்தில், மாநில அரசுப் பொறியாளர் துருவஜோதி கோஷ், நகரத்தின் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று தேடிக் கால்வாயைப் பின்தொடர்ந்தார். அது போய்ச் சேர்ந்த இடம் மீன் குளங்கள். அங்குள்ளவர்கள் அவற்றை 'பேரி' என்கிறார்கள்.

பேரி ஆழமில்லாதது, வெயில் அடிவரை இறங்கும். குளிர்காலத்தில் குளத்தை வடித்து, சேற்றைக் காயவிடுவார்கள். பிறகு சாக்கடை நீரைப் பாய்ச்சிச் சில நாள் அசையாமல் வைத்திருப்பார்கள். கறுத்த நீர் மெல்லப் பச்சையாகும். வெயிலும் பாசியும் சேர்ந்து அழுக்கை மீன் தீனியாக்கிவிடும். அதன்பிறகுதான் ரோகு, கட்லா குஞ்சுகளை விடுவார்கள். கரையோரம் கட்டிவைக்கும் ஆகாயத்தாமரை, அலையிலிருந்து வரப்பைக் காக்கும். மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. இந்தக் கைத்திறனைப் பெரும் பொறியியல் என்றே சொல்வேன். இதைப் படிப்பறியாதவர்களின் பழக்கம் என்று ஒதுக்கியவர்கள் நகரத்துக்குத் தீங்கு செய்தார்கள்.

இங்கே உலக வர்த்தக மையம் கட்டும் திட்டம் வந்தபோது 'பப்ளிக்' என்ற குடிமக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1992இல் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி, சதுப்பு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றத் தடை விதித்தார். 2002இல் 12,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006இல் தனிச் சட்டமும் வந்தது.

எல்லாம் நல்லதே. ஆனால், இவையெல்லாம் காப்பது நிலத்தை. சண்டையோ தண்ணீருக்காக நடக்கிறது. சாக்கடைக் கால்வாயில் பான்தலா என்னும் இடத்தில் உள்ள மதகை இறக்கி நீர்மட்டத்தை உயர்த்தினால்தான் சாக்கடை நீர் பேரிகளுக்கு ஏறும். மழைக்காலத்தில் தெருவில் முழங்காலளவு நீரில் நிற்கும் நகரவாசி, "மதகைத் திற" என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. திறந்தால் பேரி வறள்கிறது. மீன் இல்லாத பேரியை எத்தனை நாள் கட்டிக் காக்க முடியும்? மண் கொட்டத்தானே சட்டம் தடுக்கிறது. தண்ணீர் வராமல் காய்ந்துபோன குளம், தானாகவே மனையாகக் காத்திருக்கிறது. கிழக்கே நகரம் வளர வளர, அந்த மனைக்கு விலையும் ஏறுகிறது.

கொல்கத்தாவுக்கு இயற்கை தரும் மானியம் இந்தச் சதுப்பு என்று கோஷ் கடைசிவரை சொல்லிவந்தார். 2018இல் அவர் மறைந்தார். அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை சிலை அல்ல. பான்தலாவில் எந்த மாதம் எவ்வளவு நீர் நிற்க வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதுங்கள். அதை முடிவு செய்யும் மேசையில் மீன் வளர்ப்பவர்களையும் உட்காரவையுங்கள்.

(தொடரும்)