பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு

சீட் பெல்ட் விபத்தைத் தடுக்காது. மோதல் நடக்கும் அந்தக் கண நேரத்துக்குத்தான் அது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் சுவரில் மோதினால் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் நிற்கமாட்டார். அதே வேகத்தில் போய் ஸ்டீயரிங்கிலோ கண்ணாடியிலோ முன் சீட்டின் முதுகிலோ மோதுவார். மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்தால் படும் அடிதான் இதுவும். கையை ஊன்றித் தாங்கிக்கொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை.

முதலில் கார்களில் இருந்தது இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட். இன்றைய மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின். ஸாப் நிறுவனத்தில் போர் விமானிகளைத் தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை பார்த்துவிட்டு, 1958-ல் வால்வோவுக்கு வந்தார். மறு ஆண்டே அவருடைய பெல்ட் வால்வோ கார்களில் ஏறியது. தோளிலிருந்து வரும் பட்டையும் மடிமேல் வரும் பட்டையும் இடுப்போரம் ஒரே கொக்கியில் சேர்வதுதான் இதன் நுட்பம். மோதலின் அழுத்தம் மிருதுவான வயிற்றில் விழாமல் நெஞ்செலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவுகிறது. காப்புரிமை கையில் இருந்தும் மற்றக் கார் நிறுவனங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது. வாகன வரலாற்றில் இவ்வளவு பெரிய மனதுக்கு வேறு உதாரணம் தேடத்தான் வேண்டும். பெல்ட் அணிவதை 1970-ல் முதன்முதலாகக் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம்.

ஆனால் போடுகிற விதத்தில் போட்டால்தான் பலன். மடிப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் தொடையும் இடுப்பும் சேருமிடத்தில் தாழப் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. தோளில் வரும் பட்டை கழுத்தை உரசவும் கூடாது, அக்குளுக்குக் கீழே போகவும் கூடாது. இரவுப் பயணத்தில் முன் சீட்டை நன்றாகச் சாய்த்துவிட்டுத் தூங்குகிறவர்கள் அநேகம். சாய்ந்த உடம்புக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். மோதினால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும், பட்டை வயிற்றை அறுக்கும்.

ஏர்பேக் இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல. கண் இமைப்பதற்குள் அது வெடித்து விரிகிறது. பெல்ட் போடாதவர் அதற்குள் முன்னால் பாய்ந்திருப்பார். காப்பாற்ற வேண்டிய பையே அவர் முகத்தில் அறையும். ஓட்டுநரின் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். முன் சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வது இதையெல்லாம்விட மோசம். 10 கிலோ குழந்தை மோதலின்போது பல மடங்கு விசையோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது.

பின் சீட்டில் உட்காருபவர் பெல்ட்டைத் தேடுவதுகூட இல்லை. பல வாடகைக் கார்களில் கொக்கி சீட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். பின் சீட்டில் இருந்த அவரும் இன்னொருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர். இருவருமே இறந்தார்கள், முன்னால் இருந்த இருவரும் காயத்தோடு தப்பினார்கள். பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர் முன் சீட்டின் முதுகில் போய் விழுவதால், பெல்ட் போட்டு முன்னால் இருப்பவருக்கும் அவரால் ஆபத்து.

பெல்ட் போடாவிட்டால் கத்தும் அலாரத்தை ஏமாற்ற, கொக்கியில் செருகும் வெறும் கிளிப்புகளை விற்பவர்களும் இருந்தார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அவற்றை நீக்க உத்தரவிட்டது. பெல்ட் அணியாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1,000 ரூபாய் அபராதம். பின் சீட்டுக்கு விலக்கில்லை.

பலமான மோதலைத் தாங்கிய பெல்ட் மறுபடி உதவாது. இழுபட்ட பட்டையையும் சுருட்டும் பெட்டியையும் மாற்றியாக வேண்டும். பழைய கார் வாங்குபவர்கள் நான்கு கதவோரமும் உட்கார்ந்து பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். உடனே பூட்டிக்கொள்ளாவிட்டால், மாற்றித் தந்த பிறகுதான் பணம்.