கிடார் எடை: தோளுக்கு எது இலேசு?

எலெக்ட்ரிக் கிடார் வாங்குகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், பிராண்ட் பார்ப்பார்கள், விலை பார்ப்பார்கள். எடையைக் கேட்கிற ஆள் குறைவு. என் அக்கா மகன் கேட்டான். பிள்ளையார்பாளையத்தில் பகலெல்லாம் தறி. திருவிழா சீசன் வந்தால் ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் கிடார். மூணு மணி நேரம், சில ஊரில் நாலு மணி நேரம்கூட நின்றபடியே வாசிக்கணும். "மாமா, தோளை இழுக்காத கிடாரா ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க, காலையில தறியில உட்காரணும்" என்றான். நாடா எறிந்து பலகை அடிக்கிறவனுக்குத் தோள் போனால் கூலியும் போச்சு. அதனால் இதைக் கொஞ்சம் தீவிரமாகவே தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். சாதாரண கிடாருக்குச் சத்தம் வர மரப்பெட்டி வேண்டும். எலெக்ட்ரிக் கிடாருக்கு வேண்டாம். பிக்கப்பில் இருக்கிற காந்தத்துக்கு மேலே எஃகுத் தந்தி அதிர்கிறது, பிக்கப்பின் கம்பிச் சுருளில் சின்னதாக மின்சாரம் உண்டாகிறது, மீதியை ஆம்ப் பார்த்துக்கொள்ளும். தந்தியை இழுத்துப் பிடிக்க ஒரு கெட்டியான பலகை இருந்தால் போதும். அதுதான் சாலிட் பாடி. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மடியில் இருந்த ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு சின்னது! அதில் பெரிய சபாவே நிறைந்தது.

அப்புறம் ஏன் சில கிடார் 4 கிலோவைத் தாண்டுகிறது? மரம்தான் காரணம். ஃபென்டர் 1954-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உடம்பில் ஏறத்தாழ 4 லிட்டர் மரம் இருக்கிறது. ஒரு லிட்டர் பவுலோனியா மரம் சுமார் 280 கிராம். பாஸ்வுட் 400 கிராமுக்குச் சற்று மேல், ஆல்டர் 450, மஹோகனி 590 வரை. நாலால் பெருக்குங்கள்: பவுலோனியா உடம்பு 1.1 கிலோ, ஆல்டர் 1.8, மஹோகனி 2.4. நெக், ட்யூனர், பிரிட்ஜ், பிக்கப் எல்லாம் சேர்ந்து இன்னொரு ஒன்றரை கிலோ. ஆக, மரம் மாறினாலே 1.2 கிலோ வித்தியாசம். எங்க ஊர்க் கணக்கில் சொன்னால் 5 மார்க் ஜரிகை! (ஒரு மார்க் சுமார் 240 கிராம்.) வீணை செய்கிற பலாவில் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் அதுவும் மஹோகனி பக்கம்தான் நிற்கும், இலேசு ஆகாது.

மரத்தை மாற்றாமல் கனத்தைக் குறைத்தும் எடையை இறக்கலாம். கிப்ஸனின் லெஸ் பால் (1952) தடிமனான மஹோகனி மேல் மேப்பிள் ஒட்டியது; 4 கிலோ சர்வ சாதாரணம். 1961-இல் வந்த எஸ்ஜி அதே மஹோகனிதான், ஆனால் மெல்லிசு. 3 கிலோ சுற்றி நிற்கும்.

இங்கேதான் சிக்கல். தராசில் இலேசாக இருப்பது தோளிலும் சுகமாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். கிடாரை ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் அது ஒரு ஏற்றப் பலகை மாதிரி. ஒரு பக்கம் உடம்பு, இன்னொரு பக்கம் நீளமான நெக், அதன் நுனியில் ஆறு ட்யூனர். உடம்பை மட்டும் இலேசாக்கினால் நெக் தரையைப் பார்த்துச் சாயும். அதை இடது கைதான் தாங்கணும். தோள் தப்பித்தது, மணிக்கட்டு மாட்டிக்கொண்டது! எஸ்ஜி இந்த விஷயத்தில் பேர் வாங்கியது. ஸ்ட்ராட்டில் மேல் கொம்பு 12-ஆம் ஃப்ரெட் வரை நீள்வதால் ஸ்ட்ராப் மாட்டும் இடமும் முன்னுக்கு வருகிறது. அதனால் சாய்வு குறைவு. அழகுக்காக வைத்த கொம்பு இல்லை அது.

தலையையே வெட்டிவிட்டால்? ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் செய்தது அதைத்தான். ட்யூனர்கள் பிரிட்ஜ் பக்கம் போயின. இன்றைய ஸ்ட்ராண்ட்பெர்க் கிடார்கள் பல இரண்டே கால் கிலோவை ஒட்டி, சாயாமல் நிற்கின்றன. விலையைக் கேட்டால் நாமதான் சாய்வோம்.

சம்மணம் போட்டு வாசிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிடாரில் வாசித்த சுகுமார் பிரசாத், பிரசன்னா வழியில் போகிறவர் என்றால் எடையைத் தொடை வாங்கிக்கொள்ளும். இடுப்பு வளைவு தொடையில் சரியாக உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். வி வடிவக் கிடார் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

"எடை குறைந்தால் ஸவுண்டும் மெலிந்துவிடும்" என்று கடையில் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிக்கப்பும் ஆம்பும் செய்கிற மாற்றத்துக்கு முன்னால் மரம் செய்வது கொஞ்சம்தான். 1993-இல் வந்த பார்க்கர் ஃப்ளை இரண்டரை கிலோகூட வராது, அதை வைத்து எல்லா வகை இசையும் வாசித்தார்கள். திருவிழா மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டி அலறவிடும்போது மரத்தின் நுணுக்கம் யார் காதில் விழப்போகிறது?

வாங்க நேரில் போங்கள். சென்னை 75 கிலோமீட்டர்தான். அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கிற மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் எடுத்துப் பார்க்கலாம். பெட்டி எடை போடுகிற கொக்கித் தராசு ஒன்றைப் பையில் வையுங்கள். ஒரே மாடலில் இரண்டு கிடாருக்கு நடுவே 300 கிராம் வித்தியாசம் வரும், மரம் அப்படி. பிறகு ஸ்ட்ராப் மாட்டி, நின்று, இரண்டு கையையும் விட்டுவிடுங்கள். நெக் கீழே போகிறதா? அப்படியே இருபது நிமிஷம் நில்லுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

அவனுக்கு நான் சொன்னது: ஸ்ட்ராட் வடிவம், பாஸ்வுட் அல்லது பாப்லர் அல்லது இலேசான ஆல்டர், 3.2 கிலோவுக்குள், கூடவே நாலு விரல் அகலத்துக்குக் குறையாத ஸ்ட்ராப். குறுகின ஸ்ட்ராப் 3 கிலோவையும் 4 கிலோ ஆக்கிவிடும்.

மென்மையான மரத்தில் ஒரு தொல்லை உண்டு. நகம் பட்டாலே பள்ளம் விழும், ஸ்ட்ராப் மாட்டுகிற திருகும் சீக்கிரம் ஆடத் தொடங்கும். ஆடினால் திருகைக் கழற்றி, ஓட்டையில் ஃபெவிகால் தடவிய பல்குச்சியை நிறைத்து, ஒரு ராத்திரி காயவிட்டுத் திரும்ப முடுக்குங்கள். கச்சேரிக்குப் போகும் முன்னால் திருகை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.