ரத்தத்தில் சிதையும் ஆர்.என்.ஏ... மருந்தாக்கிய மதுரை மாணவர்!

ஆரம்ப டோஸ்களுக்குப் பிறகு, ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு ஊசி. கெட்ட கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. 'இன்க்ளிசிரான்' என்ற இந்த மருந்தின் கதையில் ஒரு மதுரைத் தொடர்பு உண்டு.

நோய்க்குக் காரணமான புரதத்தை உருவாக்கும் உத்தரவையே குட்டி ஆர்.என்.ஏ மூலம் வெட்டிவிடலாம். இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்கு 2006-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், ஒரு சிக்கல். ரத்தத்தில் செலுத்தினால், சில நிமிடங்களிலேயே நொதிகள் அதைச் சிதைத்துவிடும். தப்பிப் பிழைத்தாலும் செல்லுக்குள் நுழையாது.

இங்கேதான் வேதியியலாளர் முத்தையா மனோகரன் வருகிறார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பிஹெச்.டி முடித்தவர். 2003-ல் அல்னைலம் நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஆர்.என்.ஏ-வின் சர்க்கரைப் பகுதியில் ஃப்ளோரின், மெத்தில் போன்ற சின்னச் சின்ன மாற்றங்கள்; முதுகெலும்பில் சில இடங்களில் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம். நொதிகளால் எளிதில் வெட்ட முடியவில்லை. வால் பகுதியில் 'கேல்நாக்' என்ற சர்க்கரையை இணைத்தார்கள். கல்லீரல் செல்கள் அதை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொண்டன.

பாதை சுலபமில்லை. 2010-ல் ரோச் நிறுவனமே இந்த ஆராய்ச்சியைக் கைவிட்டது. மனோகரனின் குழு விடவில்லை. 2018-ல் இந்த வகையின் முதல் மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே கேல்நாக் மருந்தும் வந்தது.

கண்டுபிடிப்பு நோபல் வாங்கியது 2006-ல். நோயாளியின் கைக்கு மருந்து வர மேலும் 12 ஆண்டுகள். அந்த இடைவெளியை நிரப்பியது, ஓரிரு அணுக்களை மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்த பொறுமைதான்!